யார் கையெழுத்து செல்லும்?

அன்புள்ள தம்பிக்கு,

ஆய்வுத் திட்டத்தை எழுதியவன் நான், நிபுணர் குழுவின் முன் நின்று பதில் சொன்னவன் நான், ஆய்வகத்தில் கிடந்து உழைக்கப்போகிறவனும் நான். ஒப்பந்தத்தில் மட்டும் பதிவாளர் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கையெழுத்தை நீ உழைப்புக்குக் கிடைக்கும் மரியாதையாக எண்ணுகிறாய். மூத்த பேராசிரியர்கள்கூட அப்படி எண்ணுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உழைப்புக்குரிய மரியாதை ஆய்வுக் கட்டுரையில் உன் பெயராக வந்துவிடும். ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்து கடமையை ஏற்பது. அந்தக் கடமையை நிறைவேற்ற வல்லவர் எவரோ, அவர் கையெழுத்துத்தான் செல்ல வேண்டும். பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வருகிறது. தணிக்கைக்கு அதுதான் பதில் சொல்கிறது. நாளை நீ வேறு வேலைக்குப் போய்விட்டாலும் அந்தக் கடமை அங்கேயே நிற்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் சட்டவிதிகள், வழக்குகளில் பல்கலைக்கழகத்தின் சார்பில் நிற்கும் பொறுப்பைப் பதிவாளருக்குத் தந்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்.

ஆய்வாளர் தனியாகக் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு: அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 ஜூனில் தீர்த்த ஸ்டான்ஃபோர்ட் - ரோஷ் வழக்கு. 1988இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஓர் இளம் ஆய்வாளர், தம் கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ‘மாற்றித் தர ஒப்புகிறேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவைக் கணிக்கும் முறைக்காக, பிசிஆர் நுட்பத்தை உருவாக்கிய சீட்டஸ் நிறுவனத்துக்கு 1989இல் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொள்ளப் போனார். உள்ளே நுழைய வேண்டுமானால் வருகையாளருக்கான ரகசியக் காப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், இட்டார். அந்தப் படிவமோ, அங்கே கற்றதன் விளைவாக வரும் கண்டுபிடிப்புகளின் உரிமையை ‘இதன் மூலம் மாற்றித் தருகிறேன்’ என்றது. முன்னது வருங்காலத்துக்கான வாக்குறுதி, பின்னது அப்போதே நடந்து முடிந்த உரிமை மாற்றம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. சீட்டஸின் பிசிஆர் தொழிலை 1991இல் வாங்கியிருந்த ரோஷ் அந்த உரிமைக்கும் வாரிசானது. ஆய்வுக்கு அரசுப் பணம் வந்திருக்கிறது, ஆகவே 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டப்படி உரிமை எங்களுக்கே என்று ஸ்டான்ஃபோர்ட் வாதாடியது. கண்டுபிடிப்பின் உரிமை முதலில் கண்டுபிடித்தவருக்கே உரியது, அந்தச் சட்டம் அதைத் தானாகப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், இருவர் மாறுபட்டார்கள். நீதிபதி பிரேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் தேடிப் படி. பொதுப் பணத்தில் விளைந்த ஒன்றின் கதி, படிவங்களின் சிறு சொல் வேறுபாட்டில் தொங்குவதைப் பற்றிய கவலை அதில் இருக்கிறது. அந்த ஆய்வாளரை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நீட்டப்பட்ட தாளை ஒப்பந்தம் என்று அறிந்து படிக்க வேண்டிய ஓர் அலுவலகம் அவருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

‘பதிவாளருக்கு அறிவியல் தெரியாதே’ என்பாய். உண்மைதான். அறிவியலைப் பற்றிய பொறுப்பு உன்னுடையது. அவர் பார்க்க வேண்டியது பணம், உரிமை, ரகசியம், வெளியீடு ஆகியவற்றைப் பற்றிய பிரிவுகளை. அவற்றில் ஒன்று நழுவினால் அறிவியலே முடங்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் பெட்டி டாங் என்பவர் 1987இல் தைராய்டு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுக்கு ஒரு மருந்து நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். நிறுவனத்தின் எழுத்துமூல இசைவு இல்லாமல் முடிவை வெளியிடக் கூடாது என்ற பிரிவு அதில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கொள்கைக்கே அது முரண். நிறுவனத்தின் விலை உயர்ந்த மருந்தும் மலிவான மாற்று மருந்துகளும் ஒரே தரம் என்று ஆய்வு காட்டியது. 1995இல் வெளியாக இருந்த கட்டுரை, வழக்கு வந்தால் அவரைக் காக்க முடியாது என்று பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் சொன்னதால் திரும்பப் பெறப்பட்டது, 1997இல்தான் அச்சேறியது. பல்கலைக்கழகக் கொள்கை ஏட்டில் இருந்தது. கையெழுத்தாகும் முன் ஒப்பந்தத்தை அதனோடு ஒத்துப் பார்க்கும் கண்தான் இல்லை. கையொப்ப அதிகாரம் என்று நான் சொல்வது அந்தக் கண்ணைத்தான், ரப்பர் முத்திரையை அல்ல. படிக்காமல் கையெழுத்திடும் பதிவாளர், தனியாகக் கையெழுத்திடும் ஆய்வாளரைவிட எந்த விதத்திலும் மேலானவர் அல்லர்.

அடுத்த மறுப்பு தாமதம். கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் நிதியாண்டே முடிந்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து, அதிகாரத்தை எழுத்தில் பகிர்ந்தளிப்பது. இன்ன தொகை வரை துறைத்தலைவர் அல்லது ஆராய்ச்சிப் புலமுதல்வர், மாதிரிப் படிவத்தில் எழுதப்பட்டவை எல்லாம் அவர்களிடமே. அறிவுசார் சொத்து, வெளியீட்டுத் தடை, வெளிநாட்டு நிதி இருந்தால் மட்டும் பதிவாளர் என்று சிண்டிகேட் தீர்மானம் போட்டு அனைவரும் பார்க்கும்படி வெளியிடலாம். வாய்மொழியாக அதிகாரம் தருவது மட்டும் கூடாது. சிக்கல் வந்தால் தந்தவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். கையெழுத்து அதிகாரிகள் கையில் போனால் கல்விச் சுதந்திரம் போய்விடுமே என்ற அச்சத்துக்கும் டாங் கதையிலேயே பதில் இருக்கிறது: வெளியிடும் உரிமையைப் பறிக்கும் பிரிவுக்கு மறுப்புச் சொல்லும் வலிமை, தனி ஆளைவிடப் பல்கலைக்கழகத்துக்கே அதிகம்.

ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்துகள் இருக்கட்டும். பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் கையெழுத்து பதிவாளருடையதாகவோ அவர் எழுத்தில் அதிகாரம் தந்தவருடையதாகவோ இருக்கட்டும். ‘படித்தேன், என் கடமைகளை அறிவேன்’ என்ற கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். அடுத்த முறை வெளியே ஓர் ஆய்வகத்துக்குப் போகும்போது வரவேற்பில் படிவம் நீட்டினால், உடனே பேனாவை எடுக்காதே. அதன் படியை வாங்கிப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பு. பதில் வந்த பிறகு உள்ளே போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்