தகவலும் ‘நானும்’

‘தகவல்’ என்பது நாம் அன்றாடம் வழங்கும் சொல். ஆனால் ஒவ்வொரு துறையும் அதற்கு ஒவ்வொரு பொருள் தருகிறது.

பொறியியலில் அதற்கு அளவுகோல் கண்டவர் கிளாட் ஷானன். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, ஐயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே தகவல். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்றறிவது ஒரு ‘பிட்’. செய்தியின் பொருள் இக்கணக்கில் சேராது.

உயிரியலில், டி.என்.ஏ. இழையில் நான்கு எழுத்துகளாகத் தகவல் பொதிந்துள்ளது. அதன் இரட்டைச் சுருள் அமைப்பை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். எழுத்துக்கு 2 பிட் வீதம் 600 கோடி பிட். இதுதான் ‘நானா’? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபெழுத்து ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அவர்கள் இருவர். கைரேகையும் வேறு.

மெய்யியலில் ஜான் லாக், நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்றார். இங்குதான் என் மனம் தயங்குகிறது. மறதிநோயுற்ற என் பாட்டிக்கு இன்று என் பெயர் தெரியாது. ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும், “சாப்பிட்டியா?” என்று கேட்பது மட்டும் மாறவில்லை. அவர் இழந்த நினைவுகளை அம்மாவும் மாமாவும் நானும் சுமக்கிறோம்.

ஆகவே ஒருவரைப் பற்றிய தகவல் அவர் நினைவில் மட்டும் இல்லை; அவர் பழக்கத்திலும், அவரை அறிந்தோர் நெஞ்சிலும் பரவிக் கிடக்கிறது. பாட்டி இன்றும் என் பாட்டியே என்பது என் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்; முதலில் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கட்டும்.