மாலைச் சோறும் நம் புழுங்கலரிசியும்

தோட்டத்து இல்லங்களில் மூன்று வேளை உணவும் மூன்று விதமாக நடைபெறுகிறது. விடியுமுன் பிரட்டுக்குச் செல்பவர் ஒரு குவளைத் தேநீரும் இரண்டு ரொட்டித் துண்டும் உட்கொண்டு புறப்படுகிறார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பெற்றோர் மரத்தடியில் இருக்கின்றனர். வெட்டு முடிந்து, மங்குகளிலிருந்து பால் சேர்த்து, எடை போட்டு வீடு திரும்பும்பொழுது நண்பகலாகிவிடுகிறது. பசித்தவர் பசித்த நேரத்தில் உண்டுகொள்கின்றனர். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் முதியோரும் ஒருசேர அமர்ந்து உண்ணக்கூடிய வேளை மாலை ஒன்றே. ஆதலால், குடும்பத்தின் உடல்நலத்தைச் சீர்செய்ய விரும்புவோர் அந்த ஒரு வேளையிலிருந்து தொடங்குவது எளிது.

அந்த மாலைச் சோற்றைப் பற்றிப் பேசுமுன், நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றை வாசகர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஜெலுபுக் காட்டில் ஒரு சோதனை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய கொடு நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. முதலில் கால்கள் மரத்துப் போகும், பின்னர் வீங்கும், நடை தளரும், மூச்சுத் திணறும், முடிவில் இருதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் இந்நோய்க்குப் பெருந்தொகையில் பலியாயினர். ஆனால் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களிடையே இது அரிதாகவே காணப்பட்டது. இத்தனைக்கும் நம்மவர் அவர்களைவிட வசதியாக வாழ்ந்தவர்கள் அல்லர்.

இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் லெனர்ட் பிராடன். சீனர்கள் தீட்டிய வெள்ளையரிசி உண்டனர். தமிழர்கள் புழுங்கலரிசி உண்டனர். மலாய்க்காரர்கள் தாங்களே விளைவித்து அவ்வப்போது குற்றிய அரிசியை உண்டனர். நோயோ வெள்ளையரிசி உண்டவர்களையே பெரிதும் தேடிச் சென்றது. 1907-ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், வெள்ளையரிசியில் உண்டாகும் ஒரு நச்சே பெரிபெரிக்குக் காரணம் என்று அவர் எழுதினார். அவர் சொன்ன காரணம் பிழை. ஆனால் அவர் சுட்டிய அரிசி சரியானதே.

அதே ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் இதைச் சோதித்தறிய முற்பட்டனர். ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் தீப்புஸ் அருகே காட்டை அழித்துச் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் வழங்கினர். சில மாதங்களில் வெள்ளையரிசி உண்ட பிரிவில் பெரிபெரி தோன்றியது; மற்றதில் தோன்றவில்லை. பிறகு அரிசியை மாற்றி வழங்கினர். நோயும் இடம் மாறியது. இக்காலத்தில் இத்தகைய சோதனையை எவரும் அனுமதியார். எனினும் அந்தத் தொழிலாளர்களின் உடல் வழியாக உலகம் ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டது.

அதன் விளக்கம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் குற்றுவதே புழுங்கலரிசி. அவ்வாறு அவிக்கும்பொழுது தவிட்டில் உள்ள 'பி1' உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தவிட்டை நீக்கினாலும் சத்தின் பெரும்பகுதி அரிசியிலேயே தங்குகிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். இச்சத்தை ஜாவாவில் இரு அறிஞர்கள் தனியே பிரித்தெடுத்தது 1926-ஆம் ஆண்டில்தான்.

நம் முன்னோர் மருத்துவம் கற்று இதைச் செய்தார்கள் என்று பெருமை பேசுவதற்கில்லை. ஊரில் உண்டதையே இங்கும் உண்டனர், அவ்வளவே. மலேரியாவும் கொக்கிப்புழுவும் அவர்களை ஏராளமாக வீழ்த்தின என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் ஒரு நோயிலிருந்தேனும் அந்தப் பானைச் சோறு அவர்களைக் காத்தது.

இன்றைய எதிரி

இன்று நாம் பயறும் முட்டையும் மீனும் உண்பதால் பெரிபெரியைக் காண்பது அரிது. நம்மை இப்பொழுது வாட்டுவது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோருள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்த அளவோ 18.3 விழுக்காடு. நூற்றாண்டுக்கு முன்னர் எந்த அரிசி என்பது கேள்வியாக இருந்தது. இன்று எவ்வளவு அரிசி என்பதும் கேள்வியாகிவிட்டது. புழுங்கலரிசியானாலும் தட்டு நிறையக் குவித்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சுகாதார அமைச்சு இதற்குக் 'கால், கால், அரை' என்னும் அளவைக் கூறுகிறது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, இறைச்சி, பயறு போன்றவை. எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். நம் வீடுகளில் சோறு முக்கால் பங்கு, குழம்பு அதன்மேல், காய் ஓரத்தில் ஒரு கரண்டி என்பதே வழக்கம். ஒரே நாளில் இதனைத் தலைகீழாக்க இயலாது. சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் கீரையில் ஒரு கரண்டி கூட்டினால், இரண்டு மூன்று வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடும்.

ஒரு மாலைக்கான சமையல்

ஐவர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றைக் கூறுவோம். காலையில் பிரட்டுக்குச் செல்லுமுன் கால் கிலோ பச்சைப்பயற்றை நீரில் ஊறவைத்துவிட்டுச் செல்லுங்கள். மாலையில் அது அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும்; எரிவாயுவும் மிச்சம். வெந்த பயற்றுடன் இரண்டு தக்காளி, பத்துச் சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, மஞ்சள், சீரகம், இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிடவும். இரண்டு கை நிறைய முருங்கைக்கீரையை இறுதியில் இட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடவும். இறக்கிய பின் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும். இது சுவைக்காக மட்டுமன்று. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அந்தப் புளிப்பு துணைபுரிகிறது. உண்டவுடன் தேநீர் அருந்தினாலோ அப்பயன் குறைந்துவிடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நன்று.

பால் டின்னால் ஒன்றரை டின் புழுங்கலரிசி போதும். விலை சற்றுக் கூடுதல் என்பது உண்மையே. அளவைக் குறைக்கும்பொழுது செலவு ஓரளவு ஈடாகும். அரிசியை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவுவதும், கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றுவதும் அந்த 'பி1' சத்தை நாமே வெளியேற்றுவதாகும். அளவாக நீர் வைத்து வேகவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள ஒரு பிடி நெத்திலி. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் உப்பின் ஒரு பகுதி நீங்கும். பின்னர் சிறிது எண்ணெயில் வெங்காயத்துடன் வதக்கலாம். உடன் பயற்றங்காய்ப் பொரியலோ, கங்கோங் கீரையோ, நறுக்கிய வெள்ளரிக்காயோ தட்டின் பாதியை நிரப்பட்டும். ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லி தெளித்த நிரைகளின் ஓரத்திலும் அவற்றை அடுத்த வாய்க்கால்களிலும் முளைத்த கீரையை எவ்வளவு கொழுமையாக இருந்தாலும் பறிக்கலாகாது. வீட்டுப் பின்புறத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிவிட்டால் கீரைக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை.

கீரையை வெறுக்கும் பிள்ளைகளிடம் கீரை உருவும் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். தான் உருவிய கீரையை ஏனையோர் உண்கின்றனரா என்று கண்காணிக்கும் பிள்ளை, தானும் உண்ணும்.

கடைசியில் உண்பவர்

இக்கட்டுரையில் மிக முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. பல இல்லங்களில் தாய்மார் அனைவருக்கும் பரிமாறிய பின்னரே உண்கின்றனர். அதற்குள் மீன் தீர்ந்திருக்கும், கீரை தீர்ந்திருக்கும், சோறும் அடிக்குழம்புமே மீந்திருக்கும். அதிகாலையில் அனைவருக்கும் முன்னே எழுந்து, ஆணுக்குச் சமமாக மரம் வெட்டி, வாளி சுமந்து, மாலையில் சமைத்தவருக்கு இரும்புச் சத்தே இல்லாத தட்டு கிடைக்கிறது. மாதந்தோறும் இரத்தத்தை இழக்கும் உடலும் அவருடையதே. சோர்வு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் என்று அவர் கூறினால் 'வேலைக் களைப்பு' என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது இரத்தச்சோகையாக இருக்கலாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு சிறு இரத்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே, உண்ணத் தொடங்குமுன்னரே ஐந்து தட்டுகளையும் வரிசையாக வைத்து, மீனையும் கீரையையும் ஐந்தாகப் பங்கிட்டுவிடுங்கள். இவ்வேலையைக் கணவரே செய்யலாம். பரிமாறும் பணி முடிந்துவிட்டபடியால் சமைத்தவரும் உடன் அமரலாம்.

மீந்த சோறு இருப்பின், ஆறிய பின் நீர் ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் பிரட்டுக்குமுன் ரொட்டிக்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்துடன் அது ஒரு கிண்ணம் பழையதாகும்.