சமிக்ஞை விளக்குக் கமரா: பாதுகாப்பா, வருமானமா?

மாணவர்களே, இத்தலைப்பில் கட்டுரை கேட்கப்பட்டால் இரு பக்கமும் நோக்கி முடிவு கூறுங்கள்.

அறிமுகம்: கமராப் பதிவைக்கொண்டு வீதி ஒழுங்கை மீறும் சாரதிகளுக்குத் தண்டம் விதிக்கும் முறை, கொழும்பில் 2024 ஜனவரி 22 அன்று தொடங்கியது.

சார்பு: 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கமரா பொருத்திய சந்திகளில் பக்கவாட்டு மோதல்கள் ஏறத்தாழ 25% குறைந்தன. இவையே உயிராபத்து மிக்கவை.

எதிர்: திடீரென பிறேக் போடுவதால் பின்மோதல்கள் 15% கூடின. மஞ்சள் விளக்கின் நேரத்தைக் குறைத்தால் தண்டப்பணம் பெருகும், பாதுகாப்புப் பெருகாது.

முடிவு: கமரா பயன் தந்தால் விதிமீறல் குறையும்; வருமானமும் குறையும். எனவே விபத்து எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்க. நாளை வன்னியில் ஏ-9 வீதியோரப் பாடசாலைச் சந்தியில் கமரா வந்தாலும் இதையே கேளுங்கள்: விபத்துக் குறைந்ததா?