சிறுமீனும் பெருமீனும்: குடும்பத்துக்கு ஏற்றது எது?

சந்தையில் அறுக்குளாத் துண்டையும் சூடைமீன் குவியலையும் அருகருகே கண்டால், வசதியுள்ளவர் முன்னதையும் வசதி குறைந்தவர் பின்னதையும் வாங்குவதே வழக்கம். விருந்தினர் வந்த நாளிற் சூடை சமைப்பதை மதிப்புக் குறைவாக எண்ணுவோரும் உளர். விலையுயர்ந்த மீனே சத்துயர்ந்த மீன் என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் சரியானதா என்பதை ஆராய்வோம்.

விலை எதனால் உயர்கின்றது?

அறுக்குளா, பாரை முதலிய பெருமீன்களில் உறுத்தும் சிறுமுட்கள் குறைவு, சதை உறுதியானது, துண்டமாக வெட்டிப் பொரிக்கவும் குழம்பு வைக்கவும் வசதியானது. ஆதலின் அவற்றை நாடுவோர் பலர். சூடை, சாளை, நெத்தலி, கும்பளா ஆகியவை கூட்டமாகத் திரிபவை, ஒரே வலையில் மிகுதியாகப் படுபவை, விரைவிற் பழுதடைபவை. அன்றன்றே விற்றுத் தீர்க்க வேண்டியிருப்பதால் அவை மலிவாகக் கிடைக்கின்றன. எனவே விலையானது சுவையையும் வசதியையும் காட்டுமேயன்றிச் சத்தின் அளவைக் காட்டாது.

சத்தில் எது குறைவு?

பெரும்பாலான மீன்களின் 100 கிராம் பச்சைச் சதையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. இதிற் சிறுமீனுக்கும் பெருமீனுக்கும் பெரிய வேறுபாடில்லை. இதயத்துக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் உதவும் ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் விற்றமின் டியும் சாளை, சூடை, கும்பளா போன்ற நெய்ப்பற்றுள்ள மீன்களிற் சிறப்பாக உள்ளன. நெத்தலியை முள்ளோடு உண்பதால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றது. அறுக்குளாவின் முள்ளை நாம் எறிந்துவிடுகின்றோம். அதனோடு அச்சத்தும் போய்விடுகின்றது.

மேலும், பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெருமீன்களின் உடலில் இரசம் என்னும் நச்சுலோகம் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. ஆதலாற் பெருஞ்சுறா, வாள்மீன் முதலியவற்றைக் கருவுற்ற தாய்மாரும் பாலூட்டுவோரும் தவிர்த்தல் நன்று. சிறுமீன்களில் இவ்வச்சம் மிகக் குறைவு.

ஒரு கணக்கு

சூடையின் விலை அறுக்குளாவின் விலையில் மூன்றிலொரு பங்கு எனக் கொள்வோம். ஒரு கிலோ அறுக்குளா வாங்கும் பணத்துக்கு மூன்று கிலோ சூடை கிடைக்கும். தலையும் குடலுமாக மூன்றிலொரு பங்கு கழிந்தாலும், இரண்டு கிலோ எஞ்சும். நீங்கள் சந்தைக்குச் செல்லும் நாளில் அன்றைய விலையை வைத்து இவ்வாறே கணக்கிட்டுப் பாருங்கள்.

அரைக்கிலோ பெருமீன் வாங்கும் இல்லத்தில் நிகழ்வது யாது? துண்டங்கள் ஆண்களின் கோப்பைகளுக்குச் செல்கின்றன. பிள்ளைகளுக்குச் சிறு துண்டும் தாய்க்குக் குழம்பும் எஞ்சுகின்றன. குழம்பு சோற்றுக்குச் சுவை தருமேயன்றி மீனின் புரதத்தைத் தராது. வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்குமே அது மிகுதியாக வேண்டும். அதே பணத்துக்குச் சிறுமீன் வாங்கினால் எல்லோருக்கும் பங்கு உண்டு.

தெரிவு செய்தல்

பழுதடைந்த அறுக்குளாவினும் புதிய சூடை மேலானது. கண் தெளிந்தும், செவுள் சிவந்தும், அழுத்திய சதை மீண்டெழுந்தும் இருத்தல் வேண்டும். வயிறு வெடித்த சிறுமீனை வாங்கற்க. சூரை, கும்பளா, சாளை ஆகியவை வெயிலிற் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போன்ற துன்பம் விளைக்கும் நஞ்சு உண்டாகும். சமைத்தாலும் அது அழியாது. ஆகவே பனிக்கட்டியில் வைத்த மீனையே வாங்கி, உடனே சமைத்தல் வேண்டும்.

சமைத்தல்

சூடையைச் செதில் நீக்கிக் கழுவி, மண்சட்டியிற் பழப்புளி, மிளகாய்த்தூள், வெந்தயம், கறிவேப்பிலை சேர்த்து, இளந்தீயில் நீர் வற்றும்வரை வேகவிடுக. அடிக்கடி கிளறினால் மீன் உடையும். சட்டியைச் சுழற்றுதலே போதும். நெத்தலியைத் தேங்காய்ப்பூவுடன் வறையாகவும் ஆக்கலாம். மிகுந்த எண்ணெயிற் பொரித்தல் நாளாந்தம் வேண்டியதன்று.

சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் முள் தொண்டையிற் சிக்கக்கூடும். அவர்களுக்குச் சதையைப் பிசைந்து, முள்ளைத் தேடி நீக்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும். அல்லது முள் குறைந்த பாரைத் துண்டொன்றை அவர்களுக்கென வாங்கலாம்.

பெருமீன் வெறுக்கத்தக்கதன்று, விருந்துக்கும் விழாவுக்கும் அது இருக்கட்டும். வாரத்தின் ஏனைய நாட்களிற் சிறுமீன் சமைப்பது சிக்கனம் மட்டுமன்று, குடும்பத்தின் நலனுமாகும்.