செஞ்சிப் பகுதியில் பன்னீர்த் திராட்சை பயிரிடலாமா?

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. செஞ்சி, சீயமங்கலம் பகுதிகளில் கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கும் இதைப் பயிரிடும் ஆசை எழலாம். பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்கச் செலவு மிகுதி. ஆகவே, கொடியின் இயல்பை முதலில் அறிதல் நலம்.

இரகம்

பன்னீரின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இது ஓர் ஒட்டு இரகம். வட இத்தாலியின் ஆல்ட்டோ அடிஜே பகுதியில் ஒயினுக்குப் பயிராகும் ஸ்கியாவா குரோஸ்ஸா இதன் ஒரு பெற்றோர். அதனிடமிருந்து கருநிறம் வந்தது. மற்றொன்று அலெக்சாந்திரியா மஸ்கட்; மணம் அதன் கொடை. பழமாக உண்ணவும், பழரசம், ஒயின் தயாரிக்கவும் பன்னீர் ஏற்றது. ஆனால், ஒயின் தயாரிக்க அரசின் உரிமம் வேண்டும்.

மண்ணும் நடவும்

நீர் தேங்காத மணற்பாங்கான வண்டல் மண் ஏற்றது. கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருத்தல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிற்கும் ஏரிக்கீழ் நன்செய் நிலங்களைத் தவிர்க்கவும். கிணற்று நீர் உப்பாயின், டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளே தகும். ஜூன், ஜூலையில் 3 x 2 மீட்டர் இடைவெளியில் நடவும்; ஏக்கருக்குச் சுமார் 670 கன்றுகள் தேவை. ஒரே தண்டை வளர்த்து, 2 மீட்டர் உயரப் பந்தலில் படர விடவும்.

கவாத்து

இத்தாலியில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரு மகசூல்தான். நம் பகுதியில் அக்குளிர் இல்லை. கொடியைப் புதிதாகத் துளிர்க்கச் செய்வது கவாத்துக் கத்திரியே! பன்னீருக்கு 4 கணு விட்டு வெட்டவும். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. நம் பகுதிக்கு முதற்போகமே பாதுகாப்பானது. இரண்டாம் போகத்தில் பழுக்கும் தருணம் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். அடிச்சாம்பல் நோயும் பரவும். நோயைத் தடுக்க 1 சத போர்டோ கலவை தெளிக்கவும். (மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர்.)

மகசூல்

நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு எக்டருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 12 டன் எதிர்பார்க்கலாம். பன்னீர் நெடுநாள் தாங்காது. எனவே, விற்பனைக்கு வழி செய்துகொண்டே நடவேண்டும்.

கடன் பெற்று முழு நிலத்திலும் பந்தல் போட வேண்டாம். மண்ணையும் நீரையும் சோதித்து, பத்து சென்டில் முதலில் நட்டுப் பாருங்கள். இரு ஆண்டு அறுவடை கண்டபின் பரப்பைக் கூட்டுவதே அறிவுடைமை.