ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்



“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. கற்றதை வாழ்வில் கைக்கொள்ளாதவரை இடித்துரைக்க எழுந்த மொழி அது. ஆயின், அரசாங்க அலுவலகத்தின் முகப்பில் நாம் நிற்கும்போது அப்பழமொழி தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஏட்டில் உள்ளதே உதவும். ஒருவர் இம்மண்ணில் பிறந்தவர் என்பதை ஊரே அறிந்திருக்கலாம்; ஏட்டில் அது இல்லையேல், ஊரறிந்த உண்மையும் ஊமையாகிவிடும்.

இதனை நம் பெரியோர் பட்டறிந்தனர். குடியுரிமை இல்லாதோர் வேலை உரிமம் பெற்றாக வேண்டுமெனக் கூறிய 1968ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் பல்லாண்டு பால்மரம் வெட்டிய ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். இங்கேயே வாழ்ந்தும், குடியுரிமைப் பத்திரத்தை உரிய காலத்தில் பெறாதிருந்தவர்கள் அவர்களுள் பலர். தாள் ஒன்றின் மதிப்பை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

தொலைந்தது தாளன்று, ஒழுங்கு

தகவல் பணிக்கு வருமுன் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் அறுபது வயதுடைய பெரியவர் ஒருவர் வந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாத அவருக்குத் தம் இளமைக்காலச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் தேவைப்பட்டது. அலமாரியைத் திறந்தோம். கட்டுக்கட்டாகத் தாள்கள் இருந்தன. எந்தக் கட்டில் எது என்று சொல்வார் எவருமில்லை. அவர் மும்முறை வந்தார். மூன்று நாள் கூலியை இழந்தார். மூன்றாம் முறை, விளையாட்டுப் போட்டி அறிக்கைகளுக்கு நடுவில் அப்பதிவேடு அகப்பட்டது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. நல்வாய்ப்பாக அவர் பெயரும் தந்தை பெயரும் தப்பியிருந்தன.

அன்று நான் கற்ற பாடம் இது: பதிவேடு தொலையவில்லை, ஒழுங்குதான் தொலைந்திருந்தது.

சிங்கப்பூர் தரும் பாடம்

இவ்வொழுங்கின் பயனை அண்டை நாடாகிய சிங்கப்பூரில் காணலாம். அங்குள்ள சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. கட்டடம் தன் கதையைத் தானே சொல்லும். பள்ளிக்கூடத்தின் நிலை அவ்வாறன்று. சைனாடவுனை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் 1946ஆம் ஆண்டு கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, மாணவர் குறைந்தமையால் 1982இல் மூடப்பெற்றது. அதன் பெயரை இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தாங்கி நிற்கிறது. மூடப்பட்ட பள்ளி ஒன்றின் வாழ்வை அறிய வேண்டுமாயின், எஞ்சிய ஆவணங்களையும் படங்களையும் பழைய மாணவர்களின் நினைவையுமே நாட வேண்டும். நம் நாட்டிலும் துண்டாடப்பட்ட தோட்டங்களோடு இடம் பெயர்ந்த பள்ளிகள் எத்தனை!

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னிலக்க வடிவுக்கு மாற்றியுள்ளது. அன்று மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பெற்ற நாளேடு அது. மேலும், திரு. அருண் மகிழ்நன் தலைமையில் சமூகத்தினர் அவ்வாரியத்துடன் இணைந்து, நாடு விடுதலை பெற்ற 1965 தொடங்கி ஐம்பதாண்டுகளில் வெளிவந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கி 2015இல் வழங்கினர்.

அம்முயற்சியில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. எந்திரம் படம் எடுத்தது; எழுத்தையும் படித்தது. ஆயினும், தொண்டர்கள் அமர்ந்து பிழை பார்த்தனர். ‘ர’ என்னும் எழுத்தையும் துணைக்காலையும் பிரித்தறிய எந்திரம் தடுமாறும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் வந்த அச்சில் ‘ணை’, ‘லை’, ‘னை’ ஆகியன துதிக்கை போன்ற கொம்புடன் இருக்கும். அவற்றைக் கண்டும் எந்திரம் மயங்கும். தமிழறிந்த மனிதக் கண்ணே அங்குத் துணை.

வகுப்பறையில் செய்யும் முறை

இத்தகைய பணியை ஒரு வகுப்பாசிரியரும் சிறிய அளவில் செய்ய இயலும். அதற்குரிய படிகள் வருமாறு:

முதலாவது, பிரித்தல். பால்மரம் வெட்டுவோர் தம் நிரையை வரிசையாக முடிப்பரே அன்றிக் கண்ட மரத்தை வெட்டுவதில்லை. அதுபோலத் தாள்களை முதலில் மூன்றாகப் பிரிக்க வேண்டும்: என்றும் காக்க வேண்டியவை, சில ஆண்டு வைக்க வேண்டியவை, தேவையற்றவை. சேர்க்கைப் பதிவேடு, பள்ளி விடுப்புச் சான்றிதழ்களின் அடிக்கட்டை, பழைய நிழற்படங்கள் ஆகியன முதல் வகையைச் சேரும். தேர்வுத்தாள் கட்டுகளும் ஒரே சுற்றறிக்கையின் பல படிகளும் அவ்வகையினவல்ல. எதையும் கழிக்குமுன் தலைமையாசிரியரின் இசைவு பெறுதல் கட்டாயம்.

இரண்டாவது, துப்புரவு. துருப்பிடித்த ஊசிகளை மெல்ல நீக்குக. மென்மையான தூரிகையால் தூசியைத் துடைக்க. கிழிசலின்மீது ஒட்டுநாடா ஒட்டற்க. நாளடைவில் அதன் பசை மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். மூலப்பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் சூடேற்றி ஒட்டுவதும் தவறு. பின்னர் அதனைப் பழுதின்றிப் பிரிக்க இயலாது.

மூன்றாவது, படம் எடுத்தல். ஸ்கேனர் இருப்பின் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவு எழுத்துக்குப் போதும். சிறிய நிழற்படத்திற்கு 600 நலம். ஸ்கேனர் இல்லையேல் கைப்பேசியே போதுமானது. சன்னலருகே நேர்வெயில் படாத வெளிச்சத்தில் தாளைப் பரப்பி, ஒளிவிளக்கை அணைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர்மேலே பிடிக்க வேண்டும். வெற்றுப் பக்கமாயினும் விடாமல் எடுத்தால், பக்க வரிசை குலையாது.

நான்காவது, பெயரிடல். பலர் தவறுவது இங்குத்தான். கைப்பேசி இடும் எண்ணை அப்படியே விட்டால், ஆயிரம் படம் இருந்தும் ஒன்றும் கிட்டாது. ‘1974-சேர்க்கை-பக்கம்012’ என ஆண்டை முன்வைத்துப் பெயரிட்டால், கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும்.

ஐந்தாவது, அடைவு. கையால் எழுதிய பழைய பதிவேட்டை எந்திரம் செம்மையாகப் படிக்காது. எனவே பெயர், தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, பக்க எண் ஆகிய நான்கையும் பட்டியலாக எழுத வேண்டும். கிராணி காதில் விழுந்தவாறு எழுதியமையால் ஒருவர் பெயரே பத்திரத்துக்குப் பத்திரம் மாறுபடுவதுண்டு. ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எழுதி, இன்று வழங்கும் பெயரைப் பக்கத்தில் தனியே குறிப்பிடுக. ஏட்டைத் திருத்தும் உரிமை நமக்கில்லை.

ஆறாவது, காத்தல். மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கட்டும். பள்ளி வெள்ளத்தில் மூழ்கினால் பள்ளியிலுள்ள கணினியும் உடன் மூழ்குமன்றோ? ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திறந்து சரிபார்த்தல் வேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

மின்படம் மூலத்துக்கு ஈடாகாது. அலுவலகங்கள் மூலப்பத்திரத்தையோ சான்றுறுதி பெற்ற நகலையோ கேட்கும். ஆதலின் படம் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறிதல் பெரும்பிழை. மற்றொன்று, பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் முகவரியும் அடங்கிய படங்களைக் கைப்பேசிக் குழுக்களில் பகிரலாகாது. காப்பது வேறு, பரப்புவது வேறு.

இல்லத்திற்கு ஒரு பயிற்சி

இப்பாடம் ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. இம்மாத ஓய்வுநாள் ஒன்றில் குடும்பத்தார் கூடியமர்க. வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்துப் பட்டியலிடுக. எவர் பத்திரத்தில் பெயரோ தேதியோ மாறுபடுகிறது என நோக்குக. மாறுபாடு இருப்பின், தேவை வரும்வரை காத்திராமல் பதிவிலாகாவை அணுகி வழி கேட்க. பின்னர், படித்த பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து, மேற்கூறிய முறைப்படி படம் எடுக்கச் சொல்க. மூலங்களை ஈரமும் கரையானும் அணுகாத பெட்டியில் வைக்க.

அன்று அப்பெரியவர் பதிவேட்டின் நகலைக் கையில் வாங்கியதும் தம் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தப் பள்ளியில் கற்றதே அது. தம் பெயருக்காக மும்முறை அலையும் நிலை இனி எவருக்கும் நேரலாகாது.