பந்து யாரைத் தேடிப் போகிறது?

2023 செப்டம்பர் 10. அமெரிக்கக் கால்பந்தில், சியாட்டில் சீஹாக்ஸை அவர்கள் ஊரிலேயே 30-13 என்று லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அடித்துப்போட்ட ஞாயிறு. ராம்ஸின் இரண்டு வைட் ரிசீவர்கள் (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்கள்) அன்று ஆளுக்கு 119 யார்டு எடுத்தார்கள். ஒருவர் டூட்டூ ஆட்வெல், 2021 டிராஃப்டில் இரண்டாம் சுற்றிலேயே எடுக்கப்பட்ட ஓட்டக்காரர். இன்னொருவர் பூக்கா நக்குவா, ஐந்தாம் சுற்றில் 177-வது ஆளாக வந்த புதுமுகம். அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். சீசன் முடிந்தபோது ஆட்வெல் கணக்கில் 483 யார்டு. நக்குவா 105 கேட்ச், 1,486 யார்டு என்று போய், 1960-ல் பில் குரோமன் வைத்த புதுமுக சாதனையை உடைத்திருந்தார்.

அன்றைய ஆட்டத்தில் இருவரையும் பிரித்துக் காட்டிய எண் டார்கெட். பிடித்தாரோ விட்டாரோ, குவார்ட்டர்பேக் அவரை நோக்கி எத்தனை முறை வீசினார் என்ற கணக்கு அது. மேத்யூ ஸ்டாஃபோர்டு நக்குவாவை நோக்கி 15 முறை வீசியிருந்தார், ஆட்வெல்லை நோக்கி ஏறக்குறைய அதில் பாதிதான். அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக நக்குவாவுக்கு 20. ஃபேன்டசி ஃபுட்பாலில் ஸ்லீப்பர் ரிசீவர்களை, அதாவது இன்னும் யாரும் கண்டுகொள்ளாத ரிசீவர்களைத் தேட நான் வைத்திருக்கும் வழியின் பெரும்பகுதி இந்த ஓர் ஆட்டத்துக்குள் இருக்கிறது. மீதிப் பகுதி, இந்த எண்ணை எப்போது நம்பக் கூடாது என்பது.

ட்ரீம்11 ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது அணி போடலாம், கோலியை ஊரே எடுக்கலாம். இங்கே வழக்கமான லீகில் 10 அல்லது 12 பேர் சேர்ந்து ஆகஸ்ட் கடைசியில் வரிசையாக வீரர்களை எடுப்போம். ஒருவர் எடுத்த ஆள் அடுத்தவருக்குக் கிடையாது, அவராக விடாதவரை சீசன் முழுக்க அவருடையவர்தான். ஆகவே முதல் சில சுற்றுகளில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. லீகை ஜெயிப்பது பெரும்பாலும் பத்தாம் சுற்றுக்கு மேல் யாரும் சீந்தாமல் கிடக்கும் ஆட்களாலும், சீசன் நடுவே வேய்வரில் (யாரும் எடுக்காதவர்களின் பட்டியல்) அள்ளும் ஆட்களாலும்தான். பி.பி.ஆர். முறையில் ஒரு கேட்சுக்கு 1 புள்ளி, 10 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6. ஒவ்வொரு கேட்சுக்கும் புள்ளி உண்டு என்பதால் ரிசீவர்களிடம்தான் இந்தப் புதையல் அதிகம்.

நான் இருப்பது டல்லாஸ் பக்கம். ஆபீஸ் லீகில் கௌபாய்ஸ் வெறியர்கள்தான் பாதிப் பேர். 2012 சீசனின் முதல் ஆட்டத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒபாமா பேசும் இரவோடு மோதக் கூடாது என்று அந்த ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக கௌபாய்ஸின் கெவின் ஓகல்ட்ரீ என்ற மூன்றாம் நிலை ரிசீவர் 8 கேட்ச், 114 யார்டு, 2 டச்டவுன் எடுத்தார். பி.பி.ஆர். கணக்கில் 31.4 புள்ளி. நக்குவாவின் முதல் ஆட்டத்துக்குக் கிடைத்தது 21.9 தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லீகில் ஒரு மதுரை அண்ணன் உண்டு. மறுநாள் காலையிலேயே, “தம்பி, அந்த ரெண்டாவது டச்டவுனைப் பாத்தியா? வேய்வர்ல இருக்கிற காசு பூரா இவனுக்குத்தான்டா” என்றார். சொன்னபடியே கொட்டினார். ஓகல்ட்ரீ அந்த சீசனை 436 யார்டோடு முடித்தார்.

ஓகல்ட்ரீக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். வரிசையில் அவருக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். டெஸ் பிரையன்ட், மைல்ஸ் ஆஸ்டின், டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிராளியைத் தடுக்கவும் செய்பவர்) ஜேசன் விட்டன். விட்டன் மண்ணீரல் காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். அவர் தேறியதும் பந்து அவரைத் தேடிப் போய்விட்டது. அந்த வருஷம் 110 கேட்ச். ஆக, டார்கெட்டைப் பார்த்ததும் நான் கேட்கும் அடுத்த கேள்வி, இந்தப் பந்துகள் இன்று இவரிடம் ஏன் வந்தன என்பதுதான். யாரோ ஒருவர் இல்லாததால் வந்ததா? அவர் எப்போது திரும்புகிறார்? திரும்பினால் இடம் இருக்குமா?

இந்தக் கேள்வியை நக்குவா விஷயத்திலும் கேட்டிருக்க வேண்டும், கேட்டோம். கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டம் வரவில்லை. அவர் வந்ததும் இந்தப் பையன் கதை முடிந்தது என்று சொன்னவர்கள் நிறைய. வித்தியாசம் என்னவென்றால், ராம்ஸில் கப்பைத் தவிர வரிசையில் பெரிய ஆள் வேறு யாரும் இல்லை. கப் திரும்பினாலும் இரண்டாவது நாற்காலி காலிதான். ஓகல்ட்ரீக்குக் கிடைத்திருக்கக்கூடியது நான்காவது நாற்காலி.

இந்த நாற்காலிக் கணக்கை மார்ச் மாதமே போட ஆரம்பிக்கலாம். வீரர்கள் அணி மாறும் காலம் அது. யார் போகிறார்கள் என்று பார்ப்பதைவிட, போகிறவர் எத்தனை டார்கெட்டை விட்டுவிட்டுப் போகிறார் என்று குறித்து வைப்பேன். 2024-ல் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் கீனன் ஆலனை சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டது. முந்தைய வருஷம் 13 ஆட்டத்திலேயே 150 டார்கெட் வாங்கியவர் அவர். மைக் வில்லியம்ஸையும் விடுவித்தார்கள். வீசுவதற்கு ஜஸ்டின் ஹெர்பர்ட் இருக்கிறார், பிடிக்கத்தான் ஆள் இல்லை. ஏப்ரலில் இரண்டாம் சுற்றில் லேட் மெக்கான்கியை எடுத்தார்கள். ஆள் சிறியவர், நோஞ்சான் என்று பேச்சு இருந்தது. 82 கேட்ச், 1,149 யார்டு, 7 டச்டவுன்.

ஆனால் காலி இடம் தானாக நிரம்பாது. 2022-ல் டைரீக் ஹில் கன்சாஸ் சிட்டியை விட்டு மயாமிக்குப் போனபோது, அந்தப் பந்தெல்லாம் புதுமுகம் ஸ்கை மோருக்கு வரும் என்று ஆகஸ்டில் ஒரே பேச்சு. அவருக்குக் கிடைத்தது 22 கேட்ச், 250 யார்டு. டிராவிஸ் கெல்ஸி என்ற டைட் எண்ட் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவரே 110 கேட்ச் எடுத்துக்கொண்டார், மீதியைப் பலர் பங்கு போட்டார்கள். காலியான இடத்தைப் பார்க்கும்போது மிச்சமிருப்பவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குவார்ட்டர்பேக் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ரிசீவர் வளர்ந்தாரா, அல்லது அவருக்கு வீசுகிறவர் மாறினாரா என்பது எண்களில் தெரியாது. ஹூஸ்டனின் நிக்கோ காலின்ஸ் முதல் இரண்டு சீசனில் 446, 481 யார்டு. அவ்வளவுதான் இவர் என்று எழுதிவிட்டார்கள். 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்தார், காலின்ஸ் 1,297 யார்டு, 8 டச்டவுன். உயரம், உடல், ஓட்டம் எல்லாம் அதற்கு முன்பும் அவரிடம் இருந்தவைதான். ஜெர்ரி ஜூடி கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அது சீசன் நடுவில் நடந்தது. 2024 அக்டோபரில் அவருடைய அணியான கிளீவ்லண்ட், இன்னொரு ரிசீவரான அமாரி கூப்பரை பஃபலோவுக்கு அனுப்பியது. சில நாளிலேயே குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சனுக்குக் குதிகால் நாண் அறுந்தது. அவருக்குப் பதிலாக வந்த ஜேமிஸ் வின்ஸ்டன், எதிராளி கையில் போனாலும் பரவாயில்லை என்று வீசிக்கொண்டே இருப்பவர். ஃபேன்டசிக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும். கூப்பர் போன சேதி வந்த அன்றைக்கே ஜூடியை எடுத்தவருக்கு அவர் சும்மா கிடைத்திருப்பார். பழைய அணியான டென்வருக்கு எதிராக அவர் 235 யார்டு எடுத்த இரவில் கேட்டால் யார் கொடுப்பார்கள்? சேதிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒன்றிரண்டு வாரம் இருக்கும். வாங்க வேண்டிய நேரம் அதுதான்.

டச்டவுன் எண்ணிக்கையை நான் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. மைக் வில்லியம்ஸ் 2018-ல் 43 கேட்சில் 10 டச்டவுன் எடுத்தார். அடுத்த வருஷம் 49 கேட்ச், 1,001 யார்டு, டச்டவுன் 2. ஆட்டக்காரர் அதேதான், யார்டு கூடியிருக்கிறது. டச்டவுன் கோட்டுக்கு அருகே பந்து யார் கையில் விழும் என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. குறைந்த கேட்சில் நிறைய டச்டவுன் எடுத்தவரை அடுத்த வருஷம் விலை ஏறிய பிறகு வாங்காதீர்கள். திருப்பியும் போடலாம்: நிறைய டார்கெட், நல்ல யார்டு, டச்டவுன் மட்டும் வறட்சி என்று ஒருவர் இருந்தால், அவரை வைத்திருப்பவர் சலித்துப்போயிருப்பார். போய்க் கேளுங்கள்.

டிவியில் பந்தின் பின்னாலேயே கேமரா போவதால் நாம் பார்க்கத் தவறும் விஷயம் ஒன்று இருக்கிறது: ரூட். குவார்ட்டர்பேக் வீசுவதற்காகப் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஆள் களத்தில் ஓடினாரா? ஸ்னாப் எண்ணிக்கை, அதாவது எத்தனை முறை களத்தில் நின்றார் என்ற கணக்கு மட்டும் போதாது. சிலரை ஓட்ட ஆட்டத்தில் எதிராளியைத் தடுக்கவே இறக்குவார்கள். அணி வீசிய நேரத்தில் பத்துக்கு எட்டு முறைக்கு மேல் ஓடுகிறார், ஆனால் இன்னும் புள்ளி வரவில்லை என்றால், அப்படிப்பட்டவர்தான் என் பட்டியலில் முதல். இதற்கு நேர் எதிர், பத்துக்கு மூன்று முறை ஓடி ஒரு நீளப் பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டவர். திங்கள்கிழமை எல்லாரும் பேசுவது அவரைப் பற்றித்தான் இருக்கும். டார்கெட், ஸ்னாப் எல்லாம் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அணியின் மொத்த வீச்சில் ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்தால் என் கணக்கில் ஆள் தேறுவார். நான்கில் ஒரு பங்கு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இனி டிசம்பர். லீகில் தோற்றுப்போனவர்கள் ஆப்பைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷத்து ஸ்லீப்பர் பெரும்பாலும் அப்போதுதான் முளைப்பார். 2021-ல் நான்காம் சுற்றில் டெட்ராய்ட் எடுத்த ஆமன்-ரா செயின்ட் பிரவுன், டிசம்பர் 5 அன்று மினசோட்டாவுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசிப் பந்தில் தன் முதல் டச்டவுனைப் பிடித்தார். டெட்ராய்ட்டுக்கு அந்த சீசனின் முதல் வெற்றியும் அதுதான். ஜெயிக்காத அணி என்பதால் யாரும் பார்க்கவில்லை. அந்த ஆட்டம் தொடங்கி சீசனின் கடைசி ஆறு ஆட்டத்திலும் அவர் 8 கேட்சுக்குக் குறையவில்லை. மூத்தவர்கள் காயத்தில் இருந்ததால் வந்த எண் அது என்று சிலர் தள்ளிவைத்தார்கள். 2022-ல் அவர் 106 கேட்ச். புதுமுகங்கள் ஆட்டத்தைப் படித்துக்கொள்ள அரை சீசன் ஆகும். அவர்களுடைய மொத்தக் கணக்கைப் பார்க்காமல் கடைசி ஆறேழு ஆட்டத்தை மட்டும் தனியே கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஆறேழு ஆட்டத்தைப் பார்ப்பது வேறு, ஒரே ஓர் ஆட்டத்துக்கு மயங்குவது வேறு. 2022 ஜனவரி பிளேஆஃபில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக கேப் டேவிஸ் 201 யார்டு, 4 டச்டவுன் எடுத்தார். பிரமாதமான இரவு, நானும் எழுந்து நின்று பார்த்தேன். அந்த ஓர் இரவை வைத்தே அடுத்த ஃபேன்டசி டிராஃப்டில் அவர் விலை எகிறியது. கிடைத்தது 48 கேட்ச்.

ஆகஸ்ட் பயிற்சி முகாம் செய்திகளில், “அபார உடல்நிலையில் இருக்கிறார்” வகையறாவை அப்படியே தாண்டிவிடுங்கள். முதல் நிலைக் குவார்ட்டர்பேக்கோடு யார் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் செய்தி.

ஃபேன்டசி டிராஃப்டின் கடைசிச் சுற்றுகளில் வருஷத்துக்கு 600 யார்டு நிச்சயம் தருவார் என்று ஒரு மூத்தவரை எடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த மாதிரி ஆள் எப்போது வேண்டுமானாலும் வேய்வரில் கிடைப்பார். அந்தச் சுற்றுகளில் நாற்காலி காலியாக இருக்கும் இளையவர் இருவரை எடுங்கள், பந்தை உதைக்கும் கிக்கரைக் கடைசிச் சுற்றுக்குத் தள்ளுங்கள். முதல் மூன்று வாரம் புள்ளியைப் பார்க்காமல் ரூட்டையும் டார்கெட்டையும் பாருங்கள். ரூட் ஏறவில்லை என்றால் எத்தனை ஆசையாக எடுத்தவராக இருந்தாலும் நான்காம் வாரம் விட்டுவிட்டு, அந்த இடத்தில் அடுத்தவரை ஏற்றுங்கள். வேய்வரில் மறைமுக ஏலம் நடக்கும் லீகாக இருந்தால், 100 டாலர் கற்பனைப் பணத்தில் பெரும்பகுதியை செப்டம்பரிலேயே செலவழிப்பது நல்லது. அப்போது கிடைப்பவர் சீசன் முழுக்க ஆடுவார். கேட்கும் தொகையை 20, 25 என்று வட்டமாக வைக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். மதுரை அண்ணன் எப்போதும் 30 போடுவார். நான் 31.